காது கேளாதோரிடையே நற்செய்திப் பணி: யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு ஆராதனையில் பீடத்துக்கு அருகே ஒருவரை நிறுத்திச் சைகை காட்டவைத்துவிட்டால் காது கேளாதோர் பணி தொடங்கிவிட்டது என்று நமது திருச்சபைகளில் பலர் நினைக்கிறார்கள். அது மூன்றாம் ஆண்டில் யோசிக்கவேண்டிய காரியம். முதல் நாளே அதில் இறங்கினால், காது கேட்பவர்கள் அந்தக் கைகளைப் பார்த்து நெகிழ்வார்கள், படம் எடுத்து முகநூலில் போடுவார்கள். யாருக்காக அந்தக் கைகள் அசைந்தனவோ அவர்கள் சில வாரங்கள் வந்து, பாதி விளங்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, வராமல் நின்றுவிடுவார்கள். "அவர்களுக்கு ஆர்வமில்லை" என்று சபைக் கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டு நாமும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

போதகர்கள், பங்குத்தந்தையர், உபதேசியார்கள், இளையோர் தலைவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபையினருக்கும் பெரும்பாலும் பொதுவானது. வேறுபடும் இடங்களில் சொல்லிவிடுகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்: படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஆட்கள், பிறகு மொழி, பிறகு கதை, பிறகு கூட்டம். கோயில் ஆராதனை அதற்கும் பிறகுதான்.

படி 1: யாரிடம் போகிறோம் என்று அறிந்துகொள்ளுங்கள்

காது கேளாதோர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அவர்கள் ஒரே கூட்டம் அல்ல. பிறவியிலேயே கேளாமல், பாடசாலையில் சைகை மொழி கற்று, அதிலேயே சிந்திக்கிறவர்கள் ஒரு வகை. ஷெல் வெடிப்பிலோ நோயிலோ முதுமையிலோ பின்னாளில் கேட்கும் திறனை இழந்தவர்கள் இன்னொரு வகை. இவர்களுக்குத் தாய்மொழி பேச்சுத் தமிழ்தான். சைகை தெரியாது, தெரியவேண்டிய தேவையையும் உணரமாட்டார்கள். இவர்களுக்கு வேண்டியது பெரிய எழுத்தில் அச்சிட்ட ஆராதனை முறையும் பேசுகிறவரின் முகம் தெரியும் ஓர் இருக்கையும். செவிப்புலன் கருவி அணிந்து ஓரளவு கேட்பவர்கள் மூன்றாவது வகை. போர்க்கால இடப்பெயர்வுகளிலோ வறுமையிலோ பாடசாலை வாசலையே மிதிக்காமல், வீட்டுக்குள் அம்மாவும் சகோதரங்களும் மட்டும் புரிந்துகொள்ளும் சைகைகளுடன் வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போக உங்களால் முடியாது. சைகை மொழியில் தேர்ந்த, காது கேளாத ஒருவராலேயே முடியும். எந்த வகையினரோடு தொடங்குகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். இந்த வழிகாட்டி பெரும்பாலும் முதல் வகையினரைப் பற்றியது.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சமூகத்தின் வேர் கைதடியில் இருக்கிறது. 1912 இல் மேரி சாப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி கொழும்புக்குத் தெற்கே தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்ததுதான் இரத்மலானையிலுள்ள காது கேளாதோர் பாடசாலை. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று 1956 இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை உருவானது. இரண்டுமே அங்கிலிக்கன் திருச்சபையின் வழிவந்தவை. பிறந்த வீட்டில் ஒருவருடனும் முழுதாகப் பேச முடியாத பிள்ளைகள், தங்களைப் போன்ற பிள்ளைகளை முதன்முதலாகச் சந்தித்து மொழி பெற்ற இடம் இத்தகைய பாடசாலைதான். பழைய மாணவர்களுக்குள் இருக்கும் பிணைப்பு சொந்தபந்தத்தைவிட இறுக்கமாக இருப்பது அதனால்தான். நண்பர், முன்னாள் வகுப்புத் தோழர், திருமண உறவு என்று வடக்கு முழுவதும் அந்த வலை விரிந்திருக்கிறது. அதற்குள் சைவரும் கிறிஸ்தவரும் கலந்தே இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அறிமுகம் தேடும்போது யாரிடமும் பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பட்டியல் இருக்கும். அது கொடுப்பனவுக்காக எடுத்தது, உங்கள் ஊழியத்துக்காக அல்ல. உங்கள் சபையிலேயே தேடுங்கள். எங்காவது ஒரு குடும்பத்தில் ஒரு தம்பி, ஒரு மருமகள், படத்தில் மட்டும் தெரிகிற ஒருவர் இருப்பார். ஞாயிறன்று "வீட்டைப் பார்த்துக்கொள்" என்று விட்டுவிட்டு வருவார்கள். அவர் வழியாக இரண்டாமவர், இரண்டாமவர் வழியாக மூன்றாமவர். இந்த வேகத்துக்கு மேல் போகவேண்டாம்.

'செவிடன்', 'ஊமையன்' என்ற சொற்கள் நமது பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் உள்ளன. வாசிக்கும்போது அங்கே இருக்கட்டும். பிரசங்கத்திலும் பேச்சிலும் காது கேளாதோர், செவிப்புலனற்றோர் என்றே சொல்லுங்கள்.

படி 2: மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், பிரசங்கிக்காமல்

இந்தப் படிக்கு ஒரு வருடம் ஒதுக்குங்கள். அந்த ஒரு வருடமும் நற்செய்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லவேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. கேட்டால் சொல்லுங்கள், அவ்வளவுதான். முப்பது சைகைகளுடன் மீட்பைப் பற்றிச் சொல்லப் போகிறவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே தெரியாது.

ஆசிரியர் காது கேளாதவராக இருக்கவேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். "அவர்களுக்காகத்தானே செய்கிறோம், அவர்களும் இலவசமாகக் கற்றுத்தரலாமே" என்ற எண்ணம் சபைக் கூட்டத்தில் நிச்சயம் எழும். ஆங்கில ரியூஷன் ஆசிரியருக்கு அப்படிச் சொல்வோமா என்று கேளுங்கள். வாரம் இரண்டு மாலை, சபையிலிருந்து நால்வர் அல்லது ஐவர். ஒருவரை மட்டும் அனுப்பினால் அவர் வெளிநாடு போகும் நாளில் பணியும் விமானம் ஏறிவிடும். யாழ்ப்பாணத்தில் இது சாதாரணமாக நடக்கிற காரியம்.

யூடியூபைப் பார்த்துக் கற்கலாமே என்பீர்கள். அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்கச் சைகை மொழியும் இந்தியச் சைகை மொழியும். உலகில் முந்நூறுக்கு மேற்பட்ட சைகை மொழிகள் இருக்கின்றன. ஒன்று தெரிந்தவருக்கு மற்றது தெரியாது. இலங்கைக்குள்ளேயே பாடசாலைக்குப் பாடசாலை சைகைகள் மாறுபடும். ஆகவே உங்கள் முன்னால் இருப்பவர் காட்டும் சைகைதான் சரியான சைகை. கொழும்பில் வேறுவிதமாகக் காட்டுகிறார்களே என்று அவரைத் திருத்தப் போகாதீர்கள்.

சைகை மொழி என்பது கையால் காட்டும் தமிழ் அல்ல. அதற்கு வேற்றுமை உருபுகள் இல்லை. காற்றில் ஓர் இடத்தில் ஒருவரை நிறுத்தி, இன்னோர் இடத்தில் மற்றவரை நிறுத்தி, கை எங்கிருந்து எங்கே போகிறது என்பதிலேயே யார் யாருக்குக் கொடுத்தார் என்பது விளங்கிவிடும். புருவமும் கன்னமும் இலக்கணத்தின் பகுதி. கேள்வியா கூற்றா என்பதை முகம்தான் சொல்லும். முகத்தை இறுக்கிக்கொண்டு கையை மட்டும் அசைக்கும் பக்திமான்கள் ஏறக்குறைய ஒன்றும் சொல்லாதவர்களே. நமது தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கைக்கு மாற்றினால் வருவதும் அப்படித்தான்: தமிழ் தெரிந்தவருக்குப் புரியும், காது கேளாதவருக்குப் புரியாது.

இரண்டு குறுக்கு வழிகள் பலரை ஏமாற்றும். ஒன்று உதட்டு வாசிப்பு. ப, ம இரண்டும் உதட்டில் ஒரே வடிவம். 'பணம்' என்றாலும் 'மணம்' என்றாலும் எதிரே இருப்பவருக்கு ஒன்றே. தலையாட்டுகிறார் என்பதற்காக விளங்கியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாழ்நாள் முழுவதும் காது கேட்பவர்களைச் சமாளித்து அவர் பழகிய தலையாட்டல் அது. மற்றொன்று துண்டுப் பிரசுரம். எழுத்துத் தமிழ் பலருக்கு இரண்டாம் மொழி, அதுவும் ஒலியைக் கேளாமலே கற்ற இரண்டாம் மொழி. "நித்திய ஜீவனைச் சுதந்தரித்துக்கொள்ளும்படி" என்று தொடங்கும் பிரசுரத்தை உங்கள் சபை இளைஞர்களிடமே கொடுத்துப் பாருங்கள்.

1880 இல் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு, காது கேளாத பிள்ளைகளைப் பேச்சு வழியாக மட்டுமே கற்பிக்கவேண்டும், சைகை கூடாது என்று தீர்மானித்தது. பல நாடுகளின் வகுப்பறைகளில் அதன் தாக்கம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நீடித்தது. அந்தத் தீர்மானத்துக்கு 2010 இல் வன்கூவர் மாநாட்டில்தான் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், மிலானில் கூடியவர்களும் பிள்ளைகளின் நன்மைக்காகவே செய்கிறோம் என்று நம்பியவர்கள்தான். அவர்களில் குருமாரும் பலர் இருந்தார்கள்.

பழக்கவழக்கங்களையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அழைக்கத் தோளில் மெல்லத் தட்டலாம், மேசையைத் தட்டலாம், விளக்கை அணைத்துப் போடலாம். தலையில் தட்டக்கூடாது, முகத்துக்கு நேரே கையை ஆட்டக்கூடாது. இருவர் சைகையில் பேசும்போது நடுவே கடக்கவேண்டுமென்றால் நின்று மன்னிப்புக் கேட்காமல் சட்டென்று கடந்துவிடுங்கள். நீங்கள் மெலிந்துவிட்டீர்கள், தடித்துவிட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள், கோபிக்காதீர்கள். உங்களுக்கு ஒரு சைகைப் பெயர் கிடைக்கும். அதை அவர்கள்தான் வைப்பார்கள், பெரும்பாலும் உங்கள் தழும்பையோ மூக்கையோ மூக்குக்கண்ணாடியையோ வைத்து. நீங்களே ஒன்றைத் தெரிவு செய்துகொண்டு போகாதீர்கள்.

படி 3: உங்கள் இறையியலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

வெளியே போகுமுன் சபைக்குள் தீர்க்கவேண்டிய கேள்வி இது: காது கேளாமையை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? சாபம் என்றா, பெற்றோர் பாவம் என்றா, குணமாக்கவேண்டிய நோய் என்றா? வீட்டில் ஊழ்வினை என்று கேட்டவர், நம்மிடம் வந்து பாவத்தின் பலன் என்று கேட்டால் அவருக்கு என்ன நற்செய்தி? பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் கேட்ட அதே கேள்விக்கு யோவான் 9 இல் இயேசு கொடுத்த மறுப்பை முதலில் சபைக்குப் பிரசங்கியுங்கள். யாத்திராகமம் 4:11 ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மோசேயிடம் கடவுள், கேளாதவரையும் உண்டாக்கியவர் தாமே என்கிறார். லேவியராகமம் 19:14 காது கேளாதவரை நிந்திப்பதையே தடைசெய்கிறது.

"விசுவாசம் கேள்வியினால் வரும்" என்ற ரோமர் 10:17 ஐக் காட்டி, கேளாதவர்களுக்கு விசுவாசம் எப்படி வரும் என்று கேட்டவர்கள் திருச்சபை வரலாற்றில் இருந்திருக்கிறார்கள். பதிலைச் செயலில் காட்டியவர்களும் திருச்சபைக்குள்ளேயே இருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில் அபே டி லெப்பே என்ற குருவானவர், காது கேளாத இரு சகோதரிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கி, அவர்களிடமிருந்தே சைகைகளைக் கற்று, எல்லோருக்கும் திறந்த பாடசாலையை நிறுவினார். கேளாதவர்களின் கைகளைத் தடுத்த மிலானும் பின்பற்றிய பாரிசும் ஒரே திருச்சபையின் வரலாற்றில் இருக்கின்றன. எதைத் தொடர்வது என்பது உங்கள் கையில்.

இப்போது மாற்கு 7. கேளாதவரும் திக்குவாயுமான ஒருவரை இயேசு குணமாக்கிய பகுதி. அங்கிலிக்கன் பழைய மன்றாட்டு நூலில் திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் 12ஆம் ஞாயிறின் நற்செய்தி அது. கத்தோலிக்க வாசக முறையில் இரண்டாம் ஆண்டின் பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு. ஆகவே எந்தச் சபையானாலும் இதைப் பற்றிப் பேசவேண்டிய நாள் வந்தே தீரும். நமது குணமளிக்கும் கூட்டங்களில் இந்தப் பகுதியின் முடிவு மட்டும் எடுபடுகிறது. தொடக்கத்தைப் பாருங்கள். இயேசு அவரைக் கூட்டத்திலிருந்து விலக்கித் தனியே அழைத்துப் போகிறார். காதைத் தொடுகிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். என்ன நடக்கப்போகிறது என்பதை அவருக்கு விளங்கும் விதத்தில், கண் வழியாகச் சொல்கிறார். நாமோ நேர்மாறு: கேளாதவரைக் கூட்டத்தின் நடுவே மேடையில் ஏற்றி, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, தலையில் கைவைத்து, அவருக்கு விளங்காத மொழியில் கத்துகிறோம்.

அதனால் ஒரு விதி. கேளாதவர் தாமே கேட்காமல் அவருடைய காதுக்காக ஜெபிக்காதீர்கள். சிறுபிள்ளை என்றால் மேடைக்குக் கொண்டுபோகவே கூடாது. செவிப்புலன் கருவியைக் கழற்றச் சொல்வதோ, மருத்துவரிடம் போகவேண்டாம் என்பதோ உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அவர்களில் பலருக்குத் தங்கள் காதைப் பற்றிக் கவலையே இல்லை. வேலை, கலியாணம், வீட்டுக் கடன், பிள்ளையின் படிப்பு ஆகியவற்றைப் பற்றியே ஜெபிக்கக் கேட்பார்கள். மற்றவர்களைப் போலத்தான்.

படி 4: சட்டம், சம்மதம், எல்லைகள்

இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, தாம் விரும்பும் மதத்தைக் கொண்டிருக்கவும் மேற்கொள்ளவும் எல்லோருக்கும் சுதந்திரம் தருகிறது. 14ஆம் உறுப்புரை வழிபாட்டையும் போதனையையும் காக்கிறது. மதத்தைப் பரப்புவது தனியான அடிப்படை உரிமையாக அங்கே இல்லை என்று 2003 இல் உயர் நீதிமன்றம் கூறியது. சட்டம் ஒருபுறம் இருக்க, யாழ்ப்பாணத்தின் நினைவு இன்னொருபுறம். அமெரிக்க மிஷன் 1816 இல் வந்து கல்லூரிகளையும் வைத்தியசாலைகளையும் கட்டிய மண் இது. அதே மண்ணில்தான் ஆறுமுக நாவலர் மதமாற்றத்துக்கு எதிராக எழுதினார், சைவப் பாடசாலைகளை நிறுவினார். உதவி என்ற பெயரில் ஆள் பிடிக்கிறார்கள் என்ற சந்தேகம் இங்கே இரு நூற்றாண்டு வயதுடையது, எப்போதும் ஆதாரமற்றதாகவும் இருந்ததில்லை.

ஆகவே உதவியையும் நற்செய்தியையும் ஒரே கையால் கொடுக்காதீர்கள். தையல் இயந்திரம், கருவிக்கான மின்கலம், வீட்டுக் கூரைத் தகடு ஆகியவற்றைத் திருச்சபை கொடுப்பதானால் சமூக சேவைக் குழு கொடுக்கட்டும். வழிபாட்டுக்கு வருவோர், வராதோர் என்ற வேறுபாடு இல்லாமல் கொடுக்கட்டும். கூட்டம் நடக்கும் நாளில் ஒன்றும் வழங்காதீர்கள், தேநீரும் வடையும் தவிர. ஒருவர் சைவராகவே இருந்துகொண்டு உங்கள் கூட்டத்துக்கு நட்புக்காக வருகிறார் என்றால் வரட்டும். கேளாதோரின் நட்பு வட்டத்தைச் சமயத்தால் இரண்டாக உடைத்துவிட்டு நீங்கள் பெறும் ஞானஸ்நான எண்ணிக்கை, அவர்களுக்குப் பெரும் இழப்பு. பேச ஆட்கள் அவர்களுக்கு ஏற்கெனவே குறைவு.

பிள்ளைகள் விஷயத்தில் தயங்காமல் கண்டிப்பாக இருங்கள். பாடசாலைக்கும் விடுதிக்கும் அதிபரின் அனுமதியின்றிப் போகவேண்டாம். அனுமதியோடு போனாலும், பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் சமய போதனை வேண்டாம். கேளாத பிள்ளையோடு பெரியவர் எவரும் தனித்திருக்கக்கூடாது; எப்போதும் இருவர். இப்பிள்ளைகள் துஷ்பிரயோகத்துக்கு ஆளாகும் ஆபத்து அதிகம், நடந்ததைச் சொல்ல அவர்களுக்கு மொழியும் கேட்க ஆளும் இல்லாததால். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் குரல் அழைப்புக்கானது. கேளாத பிள்ளை அதில் தானே பேச முடியாது. சைகை தெரிந்த, அந்தப் பிள்ளை நம்பும் பெண் ஒருவரை இதற்கென்றே நியமித்து, அவர் முகத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டிவையுங்கள்.

படி 5: கதையிலிருந்து தொடங்குங்கள்

ஒரு வருடம் முடிந்து, உங்கள் கைகள் ஓரளவு பேசத் தொடங்கிவிட்டன. இப்போது திருமறை. கோட்பாட்டு வரிசையில் போகாதீர்கள். கிருபை, நீதிமானாக்கப்படுதல், உடன்படிக்கை என்று தொடங்கினால் விரல்களால் எழுத்துக்கூட்டத்தான் முடியும், அதை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஊதாரி மகன், நல்ல சமாரியன், மரத்தில் ஏறிய சகேயு, ஐயாயிரம் பேருக்கு அப்பம் ஆகியவை கண்ணுக்காகவே செய்தவை போன்ற கதைகள். லூக்கா முதலாம் அதிகாரத்தில் சகரியா பேச்சிழந்து, பலகை கேட்டு எழுதி, சுற்றத்தார் அவருக்குச் சைகை காட்டும் இடத்தைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பு எழும், அது அவர்களுடைய தினசரி வாழ்க்கை.

கதையைச் சொல்லவேண்டியவர் நீங்கள் அல்ல. உங்கள் வேலை, பகுதியைப் படித்து அதன் பின்னணியைக் காது கேளாத இருவர் அல்லது மூவருக்கு விளக்குவது. அவர்கள் பேசி, வாதிட்டு, தாளில் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து, யார் எங்கே நிற்கிறார் என்று தீர்மானித்து, ஒருவர் கைத்தொலைபேசியின் முன் சொல்வார். அந்தக் காணொளியை இக்குழுவைச் சேராத, காது கேளாத சிலருக்குக் காட்டி, என்ன விளங்கியது என்று திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். பிறகு சைகை தெரிந்த, ஆனால் எந்தப் பகுதி என்று முன்பே அறியாத ஒருவர் அதைப் பார்த்துத் தமிழில் சொல்லட்டும். அதை வேதாகமத்தோடு ஒப்பிட்டுப் பிழைகளைக் குறித்து, மீண்டும் பதிவு செய்யுங்கள். உலகெங்கும் சைகை மொழி வேதாகமக் குழுக்கள் வேலை செய்வது ஏறக்குறைய இப்படித்தான். இது மெதுவான வேலை என்பதற்கு ஒரு கணக்கு: ஒரு சைகை மொழியில் முழு வேதாகமம் முதன்முதலாக நிறைவடைந்தது 2020 இல், அமெரிக்கச் சைகை மொழியில். அச்சில் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியிலிருந்து வெளிவந்து அப்போது முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

பதிவுக்குச் சில குறிப்புகள். பின்னால் வெற்றுச் சுவர். கோடோ பூவோ இல்லாத, தோல் நிறத்திலிருந்து வேறுபடும் மேற்சட்டை. தலைக்கு மேல் சிறிது இடமும் இடுப்புவரை உடலும், விரித்த முழங்கைகளும் சட்டகத்துக்குள் வரவேண்டும். வெளிச்சம் முன்னாலிருந்து, யன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கறுத்துவிடும். கைத்தொலைபேசியைத் தாங்கியில் வையுங்கள். நான்கு நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் கைமாறிப் போகவேண்டும். சொல்பவரின் முகம் உலகமெல்லாம் சுற்றப்போகிறது. அவருடைய சம்மதத்தை முதலில் பெறுங்கள்.

நமக்கு ஒரு பெரிய சொத்து இருக்கிறது, பலர் அதை நினைப்பதில்லை. தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகம் போடும் மரபு யாழ்ப்பாணக் கத்தோலிக்கரிடம் ஆழமாக இருக்கிறது. 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அதைப் பெரும் மேடைக்கு வளர்த்தது. காட்சியும் உடலும் முன்னிற்கும் இந்தக் கலையில் காது கேளாத நடிகர்களை வெறும் கூட்டத்தில் நிற்பவர்களாக வைக்காமல், பேதுருவாகவும் பிலாத்துவாகவும் நடிக்கவிடுங்கள். அவர்கள் சைகையில் நடிக்க, ஓரத்தில் ஒருவர் குரல் கொடுக்கட்டும். அன்று ஒரு மாலையாவது காது கேட்பவர்கள் மொழிபெயர்ப்பை நம்பி உட்காரட்டும்.

படி 6: கூட்டம்

மாதம் ஒருமுறை போதும். பருத்தித்துறையிலிருந்தும் ஊர்காவற்றுறையிலிருந்தும் பஸ் பிடித்து வரவேண்டும். நெடுந்தீவுக்காரர் குறிகட்டுவானுக்குப் படகேறி வரவேண்டும். காலை பத்து மணிக்குத் தொடங்கி, மதியம் சேர்ந்து சாப்பிட்டு, பிற்பகல் இரண்டரைக்கு முடியுங்கள். முடித்த பிறகும் வாசலில் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள். அது கூட்டத்தின் பகுதி. கதவைப் பூட்ட அவசரப்படும் ஒருவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கதிரைகளை வரிசையாகப் போடாமல் குதிரை லாட வடிவில் போடுங்கள், எல்லோருக்கும் எல்லோருடைய கையும் தெரியவேண்டும். பேசுபவருக்குப் பின்னால் யன்னல் இருக்கக்கூடாது. மின்வெட்டு வந்தால் காது கேட்பவர்கள் இருட்டிலும் பேசலாம், கேளாதோர் கூட்டம் அந்தக் கணமே நின்றுவிடும். மின்கலத்தில் எரியும் விளக்கு ஒன்று தயாராக இருக்கட்டும். இதே காரணத்தால் பாஸ்கா திருவிழிப்பிலும் நத்தார் நள்ளிரவிலும் விளக்கெல்லாம் அணைத்து மெழுகுதிரி மட்டும் ஏற்றும் அந்த அழகான வேளை, கேளாதவர்களுக்கு வெறும் இருட்டு. சொல்பவர் மீது ஒரு விளக்காவது விழட்டும்.

ஜெபத்தில் கண்களை மூடச் சொல்லாதீர்கள். மூடினால் ஜெபம் யாருக்கும் தெரியாது. கைகோத்து வட்டமாக நிற்கவும் சொல்லாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டால் அவர் வாயைப் பொத்தியதாகும். பாடல் தேவையா என்று அவர்களையே கேளுங்கள். சிலர் மேளத்தின் அதிர்வோடு ஒரே தாளத்தில் சைகை செய்வதை விரும்புவார்கள், சிலர் பாடலே வேண்டாம் என்பார்கள். நமது கீர்த்தனைகளை வரிவரியாகக் கைக்கு மாற்றுவது காது கேட்பவர்களுக்குத்தான் இனிமை. ஒளிவிழாவுக்கு அவர்களை அழைத்து ஒரு பாட்டுக்குச் சைகை செய்யவைத்துக் கைதட்டி அனுப்பும் வழக்கத்தை இதோடு விட்டுவிடலாம்.

படி 7: இப்போது கோயில்

ஆராதனையில் சைகை மொழிபெயர்ப்பாளரை நிறுத்தும் நேரம் இதுதான். காது கேட்பவர்கள் விரும்பியதால் அல்ல, காது கேளாதவர்கள் வேண்டினால். அவரைப் போதகருக்கு அருகே நிறுத்துங்கள், இருவரையும் ஒரே பார்வையில் பார்க்க முடியவேண்டும். பிரசங்கக் குறிப்பை முதல்நாள் மாலைக்குள் அவருக்குக் கொடுக்காத போதகருக்கு மொழிபெயர்ப்பாளரைக் குறைசொல்ல உரிமை இல்லை. அரை மணிக்கு மேல் போகும் பிரசங்கத்துக்கு இருவர் மாறி மாறி நிற்கவேண்டும். கையும் மூளையும் அதற்கு மேல் தாங்காது.

அருட்சாதனங்களில் கத்தோலிக்கருக்குத் திருச்சபைச் சட்டமே வழி சொல்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 990ஆம் சட்டப்படி மொழிபெயர்ப்பாளர் வழியாக ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) செய்யத் தடையில்லை. 983ஆம் சட்டம் அந்த மொழிபெயர்ப்பாளரையும் இரகசியத்துக்குக் கட்டுப்படுத்துகிறது. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் முன் பாவத்தைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? மறைமாவட்டத்தில் ஒரு குருவானவராவது சைகை கற்றுக்கொள்வதே நல்ல தீர்வு. திருமணத்தில் பேச முடியாதவர்கள் சம்மதத்தைச் சமமான சைகைகளால் தெரிவிக்கலாம் என்று 1104ஆம் சட்டம் சொல்கிறது. மற்றச் சபைகளிலும் இதே நடைமுறையை வைத்துக்கொள்ளலாம்.

மரண வீடுகளை மறந்துவிடாதீர்கள். தாய் இறந்தபோது பக்கத்திலேயே இருந்தும், கடைசி நாட்களில் அவர் என்ன சொன்னார் என்று எவரும் சொல்லாமல் விட்ட பிள்ளைகள் உண்டு. மொழிபெயர்ப்பாளர் அதிகம் தேவைப்படும் இடங்கள் மரண வீடும் வைத்தியசாலையும் பொலிஸ் நிலையமும்தான். ஞாயிறு ஆராதனை அதற்குப் பிறகுதான்.

படி 8: கைமாற்றிக் கொடுங்கள்

ஆண்ட்ரூ ஃபோஸ்டர் 1925 இல் அலபாமாவில் பிறந்த கறுப்பினத்தவர். 11 வயதில் நோயால் கேட்கும் திறனை இழந்தவர். 1954 இல் காது கேளாதோருக்கான கலோடெட் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 1957 இல் கானாவில் தொடங்கி, 1987 இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறக்கும்வரை, ஆப்பிரிக்காவில் காது கேளாதோருக்காக 30க்கும் மேற்பட்ட பாடசாலைகளை நிறுவினார். அவரிடம் படித்தவர்கள் பலர் ஆசிரியர்களாகவும் போதகர்களாகவும் ஆனார்கள். கேளாதவரே கேளாதவரிடம் போனார் என்பதில்தான் அந்தப் பணியின் வலிமை. அவர் கொண்டுபோன அமெரிக்கச் சைகைகள் உள்ளூர்ச் சைகைகளை ஒதுக்கிவிட்டன என்ற விமர்சனமும் அவர்மீது இருக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளை இறக்கி விநியோகிக்கும் நமது குழுக்கள் அதைக் கவனிக்கவேண்டும்.

இரண்டாம் ஆண்டின் இறுதியிலேயே கூட்டத்தை நடத்தும் பொறுப்பைக் கேளாதோர் குழுவிடம் கொடுங்கள். தேதியை அவர்கள் தீர்மானிக்கட்டும், கதையைத் தெரிவு செய்யட்டும், சண்டை வந்தால் அவர்களே தீர்க்கட்டும். சபைக்குத் தெரியாமல் அல்ல, சபையின் ஆசியோடு. உபதேசியார் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பும்போது, பயிற்சி முழுவதற்கும் மொழிபெயர்ப்பாளருக்கான செலவைச் சபை ஏற்கவேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவுகளிடமிருந்து பணம் வந்தால் அதைத் தனிநபர் கணக்கில் போடாமல் சபையின் கணக்கில் தனிப் பதிவாக வைத்து, கையொப்பமிடும் மூவரில் இருவரைக் கேளாதவர்களாக நியமியுங்கள். வங்கியில் "கேட்கும் ஆள் ஒருவரைக் கூட்டிவாருங்கள்" என்று சொல்லக்கூடும். கூடப் போங்கள், ஆனால் முகாமையாளர் உங்களைப் பார்த்துப் பேசும்போது கையொப்பமிடும் கேளாதவரின் பக்கம் கையைக் காட்டுங்கள்.

சபையின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு அவர்கள் ஒருவரைப் பிரதிநிதியாக அனுப்புவார்கள். அந்த நாளுக்கான இரண்டு மொழிபெயர்ப்பாளர்களையும் நிகழ்ச்சி நிரல் அச்சிடும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். வாக்கெடுப்பு பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவதால், இருவரும் மாலைவரை நிற்கும்படி பேசி வையுங்கள்.